பட்டாளச் செலவும் ஓட்டுப் பெட்டியும்

வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருத்தர் ஒரு விலை சொல்வார், அடுத்தவர் அதற்கு மேல் ஒன்று சொல்வார், கடைசியில் எவர் பெயரில் முடிகிறதோ அவர் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். 2024 ஜூலையில் இங்கே பிரிட்டனில் நடந்த பொதுத்தேர்தலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஏலத்துக்கு வந்த சரக்கு ராணுவச் செலவு. ரிஷி சுனக் ஏப்ரல் மாதமே வார்சாவில் போய், 2030க்குள் ஜிடிபியில் இரண்டரை சதவீதம் என்றார். லேபர் கட்சி, அந்த இரண்டரைக்குப் போகும் வழியைப் பிறகு சொல்கிறோம் என்றது. ரிஃபார்ம் கட்சி மூன்று வருஷத்தில் இரண்டரை, ஆறு வருஷத்தில் மூன்று என்று ஏற்றிக் கேட்டது. ஆனால் இந்த ஏலத்தில் விலை சொன்ன யாரும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. வண்டன்மேட்டுக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் உள்ள ஒரே வித்தியாசம் அதுதான் :-)

காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் என்பதால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே நம்மில் பலருக்கு இங்கே ஓட்டு உண்டு. அதனால் நம் வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள், துண்டுச் சீட்டு தருகிறார்கள். பி.காம் படித்து, இருபது வருஷமாக வங்கியில் பற்று வரவு பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். செலவுப் பக்கம் ஒரு தொகை எழுதினால் கண் தானாக எதிர்ப்பக்கம் போகும். இந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?

அந்தப் பதில் தேர்தல் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. 2025 பிப்ரவரி 25ந் தேதி பிரதமர் ஸ்டார்மர், 2027 ஏப்ரலில் இரண்டரை சதவீதத்தை எட்டுவோம், அதற்காக ஏழை நாடுகளுக்குத் தரும் உதவித்தொகையை 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகக் குறைப்போம் என்றார். அவர் கட்சியின் தேர்தல் அறிக்கையோ அந்த உதவியை, நிதிநிலை இடம் கொடுக்கும்போது 0.7க்கு உயர்த்துவதாகச் சொல்லியிருந்தது. அந்தத் துறையின் அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் மூன்றே நாளில் ராஜினாமா செய்தார். அதே வருஷம் ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035க்குள் ஐந்து சதவீதம் என்று இன்னும் பெரிய எண்ணில் கையெழுத்துப் போட்டன. ஐந்தில் மூன்றரை நேரடி ராணுவச் செலவு, மீதி ஒன்றரை சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு இத்யாதி.

இந்த ஊருக்கு இது புதிது அல்ல. 1951 ஜனவரியில், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அட்லி அரசு மூன்று வருஷத்தில் 4,700 மில்லியன் பவுண்டு ராணுவத்துக்கு என்று அறிவித்தது. ஏப்ரலில் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பட்ஜெட் போட்டார். இலவசமாக இருந்த பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலை நோயாளி கட்ட வேண்டும் என்றார். அதில் அந்த வருஷம் மிச்சமாவது 13 மில்லியன் பவுண்டுதான். என்.ஹெச்.எஸ்ஸை உருவாக்கிய அனெய்ரின் பெவன் ராஜினாமா செய்தார். கூடவே ஹெரால்ட் வில்சனும் வெளியேறினார். அக்டோபரில் லேபர் தோற்றது. ஜெயித்து வந்த சர்ச்சில் என்ன செய்தார் தெரியுமா? அந்த 4,700 மில்லியன் திட்டத்தை இவ்வளவு வேகமாக நடத்த முடியாது என்று இழுத்து நீட்டிப் போட்டுவிட்டார். பல்செட்டுக் கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. என்.ஹெச்.எஸ்ஸில் வேலை பார்க்கும் நம்மூர் நர்ஸ், டாக்டர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அப்போது லண்டனில் இந்தியாவின் ஹை கமிஷனராக இருந்து இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒருவர் உண்டு. நம் மலபார்க்காரர், வி.கே. கிருஷ்ண மேனன். 1924ல் இங்கே வந்தவர். 1934 முதல் 1947 வரை செயின்ட் பாங்க்ராஸில் லேபர் கட்சிக் கவுன்சிலர். ஹைகேட் லாங்டன் பார்க் ரோட்டில் அவர் இருந்த வீட்டில் நீலப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பின்னாளில் இந்தியாவில் ராணுவச் செலவை வைத்து ஒரு தேர்தலே நடந்தபோது அதில் நின்ற வேட்பாளரும் இவர்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் நம்ம எல்லைப்பக்கத்துப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

பாலக்காட்டுக் கோட்டையைப் பார்க்காமல் அந்த ஊரைத் தாண்ட முடியாது. 1766ல் ஹைதர் அலி கட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கணவாய் திறந்திருக்கும் இடம் அது என்பதால், மைசூர்ப் பட்டாளமும் கும்பெனிப் பட்டாளமும் மாறி மாறி அந்த வழியாகத்தான் வந்தன. திப்புவுக்குப் பயந்து கும்பெனியிடம் போன ராஜ்ஜியங்களுக்கு அதற்கான பில் பிறகு வந்தது. 1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கும்பெனிக்குக் கட்ட வேண்டும். கொச்சியும் கட்டியது. குமுளி, பீர்மேடு பக்கத்துக்காரர்கள் அன்று திருவிதாங்கூர்ப் பிரஜைகள். சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து எங்கள் முன்னோர் கொச்சிப் பிரஜைகள். பாலக்காட்டு டவுன்காரர்கள் மலபார், அதாவது நேரடிக் கும்பெனி ஆட்சி. மூன்று பேருக்கும் மூன்று சர்க்கார், ஒரே பில்.

வேலுத்தம்பி தளவாய் கதை நமக்கெல்லாம் வீரக்கதையாகத் தெரியும். அதன் அடியில் இருப்பது ஒரு நிலுவைக் கணக்கு. செலவைக் குறைக்க நாயர்ப் படையின் படியை வெட்டப் பார்த்ததில் 1804ல் படை கலகம் செய்தது. அதை அடக்கியதைச் சாக்காக வைத்து வந்ததுதான் 1805 ஒப்பந்தம். கட்ட வேண்டிய தொகை பாக்கி விழுந்தது. ரெசிடெண்ட் மெக்காலே நெருக்கினார். 1809ல் குண்டறை விளம்பரம், கலகம், தளவாயின் மரணம். சொந்தப் படைக்கும் செலவு, அடுத்தவன் படைக்கும் செலவு, இரண்டையும் ஒரு கஜானா தாங்கவில்லை. பாதுகாப்பு வேண்டுமானால் பணத்தை எடு என்று வாஷிங்டன் இன்று ஐரோப்பாவிடம் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு மெக்காலே ஞாபகம் வருகிறார். (ஐரோப்பியர்கள் சொந்த ராணுவத்துக்குத்தான் செலவு செய்யச் சொல்லப்படுகிறார்கள், அமெரிக்காவுக்குக் கப்பம் கட்ட அல்ல. அந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் தொனி ஒன்றுதான்.)

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டவரும் எங்கள் பக்கத்துக்குத் தெரிந்த மனிதர். கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தவர். அதாவது சித்தூர்த் தாலுக்காவுக்கும் அவர்தான் திவான். 1947 நவம்பர் 26ந் தேதி அவர் வைத்த கணக்கில் மொத்தச் செலவு 197 கோடி சொச்சம். அதில் ராணுவத்துக்கு 92 கோடியே 74 லட்சம். கிட்டத்தட்ட பாதி! பிரிவினை, அகதிகள், காஷ்மீர் என்று எரிந்துகொண்டிருந்த நேரம். அந்தத் தொகை பற்றி ஓட்டுக் கேட்டவரும் இல்லை, ஓட்டுப் போட்டவரும் இல்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன, அணைகள் வந்தன, மலம்புழா அணை 1955ல் திறந்தது. ராணுவத்தின் பங்கு இறங்கியது. அது வேண்டும் என்றே எடுத்த முடிவு. நேருவுக்கு முதலில் உருக்கும் அணையும், அப்புறம்தான் துப்பாக்கி.

1957ல் மேனன் பாதுகாப்பு அமைச்சராகிறார். அந்த வருஷம் ராணுவச் செலவு 280 கோடி சுற்றி. அடுத்த மூன்று வருஷமும் அதே இடத்தில்தான் நின்றது. 1959 ஆகஸ்டில் லோங்ஜு, அக்டோபரில் கொங்கா கணவாய், இரண்டு இடத்திலும் சீனர்களோடு துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த 1959-60ல் செலவு ஏறவில்லை, சற்று இறங்கியே இருந்தது. 1961-62ல்தான் 300 கோடியைத் தாண்டியது. இதில் மேனனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். இரண்டு பேருக்கும் ஒத்தே போகாது. அந்நியச் செலாவணி அடியோடு வற்றியிருந்த காலம். மூணாறு தேயிலையும் வண்டன்மேட்டு ஏலமும் விற்று வருகிற டாலரில் உருக்காலைக்கு இயந்திரம் வாங்குவதா, பீரங்கி வாங்குவதா என்ற நிலை.

மேனன் கண்ட வழி, வெளியே வாங்காமல் இங்கேயே செய்வது. ஜபல்பூரில் சக்திமான் லாரி. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. 1958ல் டி.ஆர்.டி.ஓ. 1961ல் பறந்த மாருத் விமானம். சைனிக் பள்ளிகளும் அவர் காலத்தில் வந்தவைதான். 1962ல் கழக்கூட்டத்தில் ஒன்று, அதே வருஷம் நம் மறையூர் மலைக்குக் கீழே, உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகிற வழியில், அமராவதிநகரில் ஒன்று. எல்லைப்பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேருக்கு ராணுவ அதிகாரி என்ற கனவு வந்தது அந்தப் பள்ளிச் சுவரைப் பஸ்ஸிலிருந்து பார்த்துத்தான். ஆனால் தொழிற்சாலை விதை போட்டு மரம் வளர வருஷங்கள் ஆகும். ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வந்தது 1965ல். ராணுவத் தொழிற்சாலைகளில் காபி பெர்கொலேட்டர் செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. (பித்தளை ஃபில்டர் செய்திருந்தால் பாலக்காட்டிலாவது ஆதரவு கிடைத்திருக்கும்.)

இப்போது எதிரணி வேட்பாளர். ஆச்சார்ய ஜே.பி. கிருபளானி, சிந்துக்காரர், காந்தியின் பழைய சீடர், 1947ல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், பிறகு பிரிந்து போனவர். (மனைவி சுசேதா இந்தத் தேர்தல் சமயத்தில் காங்கிரஸில்தான். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையை நினைத்துப் பார்க்கிறேன்.) 1961 ஏப்ரலில் மக்களவையில் அவர் மேனனைக் கிழித்துத் தொங்கவிட்ட பேச்சு பிரசித்தம். ராணுவத்தில் கோஷ்டி சேர்க்கிறார், அதிகாரிகளின் மனோபலத்தைக் கெடுக்கிறார், நாட்டைப் பாதுகாப்பில்லாமல் விட்டுவிட்டார் என்றார். 1962 பிப்ரவரித் தேர்தலில், தன் பழைய பீகார் தொகுதி சீதாமரியை விட்டுவிட்டு, மேனனை எதிர்ப்பதற்கென்றே வடக்கு பம்பாய்க்கு வந்து சுயேச்சையாக நின்றார். ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் அவர் பக்கம். கம்யூனிஸ்டுகள் மேனன் பக்கம். நேரு தானே வந்து பிரசாரம் செய்தார். திலீப் குமார் மேடையேறினார். அமெரிக்காவின் டைம் பத்திரிகை மேனன் படத்தை அட்டையில் போட்டது.

இதில் எனக்குச் சுவாரசியமான இடம் எது என்றால், இதே கிருபளானி சில வருஷங்களுக்கு முன்புவரை அதே மக்களவையில் ராணுவச் செலவு கூடுகிறது என்று வருத்தப்பட்டவர். அகிம்சை நாட்டில் ராணுவ பட்ஜெட் ஏறலாமா, காந்தியின் ஆன்மா என்ன சொல்லும் என்ற தோரணையில் பேசியவர். மேனன் பக்கம் பார்த்தால், ஐ.நா.வில் சமாதானம், ஆயுதக் குறைப்பு என்று உலகத்துக்கே வகுப்பெடுத்தவர், 1961 டிசம்பரில் கோவாவுக்குள் படை போனபோது அமைச்சர். அந்த வெற்றிக் களிப்பில் இரண்டே மாதத்தில் ஓட்டுக் கேட்கிறார். ஆக, செலவைக் குறை என்றவர் பாதுகாப்பு போச்சு என்கிறார். ஆயுதத்தைக் குறை என்றவர் நான்தான் பாதுகாவலன் என்கிறார். பிரசாரம் முழுக்க ஆளைப் பற்றி, சீனாவைப் பற்றி, இடதா வலதா என்பது பற்றி. 312 கோடி போதுமா, போதாதென்றால் எவ்வளவு, அதை யார் கட்டுவது என்ற கேள்விதான் இந்தத் தேர்தலின் மையக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அது ஓட்டுப் பெட்டிப் பக்கமே வரவில்லை.

மேனன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டில் ஜெயித்தார். ஏப்ரலில் மொரார்ஜி போட்ட பட்ஜெட்டில் ராணுவத்துக்கு 376 கோடி. அக்டோபர் 20ந் தேதி சீனப்படை இறங்கியது. குளிர் உடுப்பு போதாமல், பழைய .303 துப்பாக்கியோடு நின்ற ஜவான்கள் கதை எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. நவம்பர் 7ந் தேதி மேனன் பதவி போனது. பிப்ரவரியில் பெரும் ஓட்டில் ஜெயித்த மனிதர், ஒன்பது மாதத்தில்.

பில் வந்தது அடுத்த வருஷம். 1963-64 பட்ஜெட்டில் ராணுவத்துக்கு 867 கோடி. ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். ஜிடிபி கணக்கில் இரண்டு சதவீதத்தை ஒட்டி இருந்தது நான்கை நெருங்கியது. 1964ல் தொடங்கி ஐந்து வருஷத்துக்கு 5,000 கோடி, 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் கொண்ட தரைப்படை என்று திட்டம் போட்டார்கள். இந்த எண்களில் ஒன்றைக்கூட எந்த வேட்பாளரும் எந்த மேடையிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோற்றிருப்பார் என்பது வேறு விஷயம்.

யார் கட்டினார்கள்? வங்கிக்காரனாக நான் இந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன். கம்பெனிகளுக்குச் சூப்பர் பிராஃபிட்ஸ் டாக்ஸ். சாதாரண ஜனங்களுக்குக் கட்டாய சேமிப்புத் திட்டம் என்று ஒன்று. சம்பளக்காரர், கடைக்காரர், நிலவரி கட்டுபவர் எல்லோரும் ஒரு தொகையை அரசிடம் போட வேண்டும், வட்டியோடு பிறகு வரும். எதிர்ப்பு தாங்காமல், காமராஜ் திட்டத்தில் மொரார்ஜி போய் டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்ததும் அதன் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். 1962 நவம்பரில் ஆறரை சதவீத வட்டியில் பதினைந்து வருஷத் தங்கப் பத்திரம். தேசியப் பாதுகாப்பு நிதிக்கு ஊர் ஊராக நகை வசூல். எங்கள் ஆத்தா காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் பள்ளிக்கூடத்து உண்டியலில் போட்டதைச் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை பவுன் என்று கேட்டால் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும்.

எல்லாவற்றையும் விடக் கடுமையாக அடித்தது 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. டாலர் கொடுத்துத் தங்கம் கடத்தி வருவதை நிறுத்தினால் அந்நியச் செலாவணி மிஞ்சும், ஆயுதம் வாங்கலாம் என்பது கணக்கு. காகிதத்தில் சரியான கணக்கு. ஆனால் 14 காரட்டில் தாலிக்கொடி யார் செய்வார்கள்? ஆசாரிகள் பட்டறையை மூடினார்கள். நாடு முழுக்கப் பொற்கொல்லர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, தற்கொலைச் செய்திகள் நாடாளுமன்றம் வரை போயின. 14 காரட் விதியை 1966ல் தளர்த்தினார்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற பெயரில் மிச்சம் 1990 வரை இருந்தது. வடக்கு பம்பாயில் மேனனுக்கோ கிருபளானிக்கோ ஓட்டுப் போடாத, அந்தத் தொகுதி எங்கே இருக்கிறது என்றே தெரியாத சித்தூர் ஆசாரி ஒருவர், நேஃபா எல்லைக்கான பில்லில் தன் பங்கைக் கட்டினார்.

கேரளத்துக்கு வேறு மாதிரியும் ஒரு பங்கு வந்தது. சீனப் போரின்போது போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளை வைத்து, 1964 டிசம்பர் கடைசியில் மார்க்சிஸ்ட் தலைவர்களை உள்ளே தள்ளினார்கள். 1965 மார்ச்சில் கேரளச் சட்டசபைத் தேர்தல். சிறையில் இருந்தபடியே பலர் ஜெயித்தார்கள், 40 இடத்தோடு அதுதான் பெரிய கட்சி, ஆனால் சபை கூடவே இல்லை. பிற்காலத்தில் எங்கள் மலம்புழாவுக்கு இருபது வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன், சீனப் போரை ஒட்டிய சிறைவாசத்தின்போது ஜவான்களுக்கு ரத்தம் கொடுப்போம் என்று சொன்னதற்காகக் கட்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது கேரளப் பத்திரிகைகளில் பலமுறை வந்த கதை. 2025 ஜூலையில் அவர் காலமானபோது அந்தக் கதை மறுபடி வந்தது.

1967 தேர்தலுக்குள் இன்னொரு போரும் (1965, பாகிஸ்தான்), இரண்டு வருஷப் பஞ்சமும் வந்துவிட்டன. போரின்போது அமெரிக்கா உதவியை நிறுத்தியது. பிறகும் கோதுமைக் கப்பலைக் கப்பலாக எண்ணித்தான் விட்டது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர், கோபாலபுரம் தாண்டினால் எங்கள் ஊர். (பின்னாளில் நிதியமைச்சராகவும், 1979ல் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார்.) கேரளத்தில் ரேஷன். வாளையார், கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தலைச்சுமையாக அரிசி கடத்தல். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. சொன்னது, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அரிசிக்கு ஒரு எண் சொன்னார்கள், ஜனங்களும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள். சி.எஸ். கோபிச்செட்டிப்பாளையத்தில் தோற்றார். கேரளத்தில் காங்கிரசுக்கு 133ல் ஒன்பது இடம். ராணுவச் செலவு இரண்டு மடங்கானது அந்த வயிற்றெரிச்சலில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது, மழையும் பொய்த்தது. ஆனால் எந்தக் கட்சியும் அரிசியையும் துப்பாக்கியையும் ஒரே பேரேட்டில் எழுதிக் காட்டவில்லை.

மேனன் அந்த 1967ல் வடகிழக்கு பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். அந்தத் தடவை பாதுகாப்பும் இல்லை, சீனாவும் இல்லை. அப்போதுதான் பிறந்த சிவசேனா அவரை எதிர்த்தது, தெற்கத்தியான் என்பதற்காக. பம்பாயில் குடியேறிய பாலக்காட்டுக் குடும்பங்களுக்கு அடுத்து என்ன வந்தது என்பது உங்களில் பலருக்குச் சொந்த அனுபவமாகவே தெரிந்திருக்கும். 1971ல் திருவனந்தபுரம் அவரை மறுபடி டெல்லிக்கு அனுப்பியது.

இது பழங்கதை என்று நினைத்தால், 2013 செப்டம்பருக்கு வாருங்கள். ரேவாரியில் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில் நரேந்திர மோடி பேசினார், ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் பெரிய விஷயமானது. 2014 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அதற்கு 500 கோடி ஒதுக்கினார். பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, நம் கேரளக்காரர். ஜூலையில் புது அரசின் அருண் ஜேட்லி 1,000 கோடி ஒதுக்கினார். இரண்டு கட்சியும் ஒன்றையேதான் வாக்களித்தன, ஏலத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம், அவ்வளவுதான். 2015 செப்டம்பரில் மனோகர் பாரிக்கர் அறிவித்தபோது வருஷத்துக்கு 8,000 முதல் 10,000 கோடி என்றார். வங்கியில் யாராவது 500 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் பத்தாயிரம் ரூபாய்க்கு வவுச்சர் நீட்டினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இதனால் அந்த ஓய்வூதியம் தப்பு என்று நான் சொல்லவில்லை. நியாயமான கோரிக்கை, பல வருஷம் இழுத்தடிக்கப்பட்ட கோரிக்கை. எண்ணைத்தான் சொல்கிறேன். 2025-26ல் இந்திய ராணுவ பட்ஜெட் 6.81 லட்சம் கோடி, அதில் ஓய்வூதியம் மட்டும் 1.6 லட்சம் கோடி. 2022ல் நான்கு வருஷ அக்னிபத் திட்டம் வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 2024 தேர்தலில் அதை ரத்து செய்வோம் என்று காங்கிரஸ் சொன்னபோது, ஓய்வூதியக் கணக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தொடருவோம் என்ற பாஜக, நான்கு வருஷம் முடிந்து வெளியே வருகிற முக்கால்வாசிப் பேருக்கு என்ன என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ராணுவச் செலவு என்றால் ஏதோ லடாக்கில் நடப்பது என்று எல்லைப்பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. கஞ்சிக்கோட்டில் பெமல் தொழிற்சாலை இருக்கிறது, ஒற்றப்பாலத்தில் பாதுகாப்புத் தொழில் பூங்கா இருக்கிறது. அதை விட, நான் 2017 வரை வேலை பார்த்த கிளையில் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச்சான்று கொடுக்க வரிசையில் நிற்கும் பட்டாளத்துக்காரர்கள் இருந்தார்கள். முன்னாள் சுபேதார்கள், ஹவில்தார்கள், அவர்களின் விதவைகள். ஓய்வூதிய நிலுவை நான்கு தவணையாக வந்த சமயம். ஒரு பெரியவர், 1965லும் 71லும் சண்டைக்குப் போனவர், பாஸ்புக்கை என்னிடம் தள்ளி, "தம்பி, இதில எவ்வளவு சரி, எவ்வளவு பாக்கி, ஒரு பேப்பர்ல எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது தவணை தேதியை மட்டும் இன்னொரு தடவை கேட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.